தினமும் நீர் தெளித்தும் ஐசோபாடுகள் ஏன் இறக்கின்றன?

மட்கும் இலைகளிடையே வாழும் சிறு உயிரிகளான ஐசோபாடுகளை வளர்க்கும் பெட்டி முழுவதையும் நாள்தோறும் நனைத்து வந்தும் அவை இறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். ஐசோபாடுகள் பூச்சிகள் அல்ல, நண்டுக்கும் இறாலுக்கும் உறவான ஓட்டுடலிகள். வயிற்றின் அடிப்புறத்தில் செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுவதால் அவற்றுக்கு ஈரம் இன்றியமையாதது என்றாலும், காற்றோட்டமின்றி எங்கும் சொதசொதவென்று கிடக்கும் மண்ணில் அவை நெடுநாள் பிழைப்பதில்லை. ஆகவே, பெட்டியின் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் பாசியைப் (moss) பரப்பி அதை ஈரமாக வைத்து, எஞ்சிய பகுதியை உலர விட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் இட்டால், தமக்கு ஏற்ற இடத்தை அவையே தேடிக்கொள்ளும்.

உணவில் முதன்மையானது பூச்சிக்கொல்லி படாத இலைச்சருகு. அது ஒருபோதும் தீர்ந்துவிடக் கூடாது. மட்கிய மரத்துண்டும் அவ்வப்போது சிறிது காய்கறியும் போதும். ஓடு உறுதிப்பட, பொடித்த முட்டை ஓட்டையோ கணவாய் ஓட்டையோ எப்போதும் உள்ளே வைத்திருங்கள்.

உடலில் பாதி மட்டும் வெளிறிய ஐசோபாடைக் கண்டால் நோய் என்று அஞ்ச வேண்டாம். இவை முதலில் பின்பாதித் தோலையும், சில நாள்களுக்குப் பின் முன்பாதித் தோலையும் உரிக்கின்றன. எனக்கு இவற்றிடம் மிகவும் பிடித்த இயல்பு இதுதான். அந்நாள்களில் அவற்றைத் தொடாதீர்கள்.

தாய் தன் உடலின் அடிப்புறத்திலுள்ள பையில் முட்டைகளைச் சுமந்து பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தென்படாத அளவு சிறியவை என்பதால், மண்ணை முழுவதுமாக ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள்.