விக்ட்ரோலா – கடிதம்

வணக்கம்,

பழைய அமெரிக்கக் கதைகளில் 'விக்ட்ரோலா' அடிக்கடி வருகிறது. அகராதியில் 'பழங்கால இசைத்தட்டுக் கருவி' என்பதோடு சரி. கிராமபோன்தானா அது? மொழிபெயர்க்கும்போது அப்படியே மாற்றிவிடலாமா? பெயர் எங்கிருந்து வந்தது?

ரா.

அன்புள்ள ரா,

கிராமபோன் வகைதான், ஆனால் எல்லா கிராமபோனும் விக்ட்ரோலா இல்லை. அது ஒரு கம்பெனி வைத்த பெயர். எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1901இல் நியூஜெர்சியின் கேம்டனில் தொடங்கிய விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 1906இல் இதைக் கொண்டுவந்தது. அதுவரை கருவிக்கு மேலே பெரிய குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், இடத்தை அடைக்கும், தூசி சேரும். இவர்கள் அந்தக் குழாயைக் கீழ்நோக்கி மடக்கி மரப்பெட்டிக்குள் ஒளித்து, முன்னால் கதவு வைத்துவிட்டார்கள். சத்தம் அதிகமென்றால் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். வெளியே குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் எதைக் காட்டியும் விக்ட்ரோலா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயரின் முன்பாதி விக்டர். 'ஓலா' என்ற வால் பியானோலாவிலிருந்து, அதாவது அப்போது பிரபலமாக இருந்த தானியங்கிப் பியானோவிலிருந்து வந்தது என்பார்கள். விக்ட்ரோலா நன்றாக விற்றதும் மற்றவர்களுக்கும் வால் முளைத்தது: கொலம்பியா கம்பெனி கிராஃபோனோலா என்றது, எடிசன் கம்பெனி ஆம்பரோலா என்றது, 1930இல் கார் ரேடியோவுக்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளைச் செய்த ராக்-ஓலாவையும் இந்த வரிசையில் சேர்த்துவிடத் தோன்றும், ஆனால் அது நிறுவனர் டேவிட் ராக்கோலாவின் சொந்தக் குடும்பப் பெயர்!

சரி, அமெரிக்கர்கள் ஏன் கிராமபோன் என்று சொல்வதில்லை? எடிசன் 1877இல் செய்த உருளைக் கருவி போனோகிராஃப். எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய தட்டுக் கருவிதான் கிராமபோன், ஒலி, எழுத்து என்ற அதே இரண்டு கிரேக்கச் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டது. 1900 வாக்கில் வழக்குகளில் சிக்கி பெர்லினர் அமெரிக்காவில் விற்க முடியாமல் போக, அங்கே அந்தச் சொல்லும் மங்கிவிட்டது. தட்டுக் கருவியையும் போனோகிராஃப் என்றே சொன்னார்கள், அப்புறம் வேறு கம்பெனிக் கருவியைக்கூட விக்ட்ரோலா என்றார்கள். பிரிட்டன் கிராமபோனை விடவில்லை.

அதனால் பாத்திரம் பாட்டுப் போடுவதோடு சரியென்றால் கிராமபோன் என்றே எழுதிவிடுங்கள். கதவு, பெட்டி என்று வர்ணனை வந்தால் விக்ட்ரோலாவை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. அட்டைப்படம் வரைபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கட்டாயம் குழாயோடுதான் வரைவார்.