வெற்றிலை உரலின் சத்தம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் பாறசாலை. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்று எழுதிப் போட்டோம். பதினொரு பாத்திரங்கள். அதை வானொலிக்கு அரை மணி நேரமாக ஆக்க ஆசை. வசனத்தைக் குறைத்தால் போதுமா? நீங்கள் மேடையை விட்டு வானொலிக்குப் போனவர். அதில் வருத்தம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேடையை நான் விடவே இல்லை. கோயில் கொடை விழாவுக்கு எழுதிக்கொண்டேதான் வானொலிக்கும் எழுதினேன். நம் பக்கத்தில் இது புதிதும் அல்ல. திருவனந்தபுரத்தில் மலையாள நாடகாசிரியர் டி.என். கோபிநாதன் நாயர் மேடைக்கும் எழுதினார், ஆகாசவாணியில் இருந்து வானொலி நாடகத்தையும் வளர்த்தார். இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில் நாடகத்துக்கு இரண்டு மொழியும் வீடு. தமிழ் நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களின் ‘டி’ திருவனந்தபுரம்தானே! 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகும் எங்கள் வீட்டு ரேடியோவின் முள் திருவனந்தபுரத்தில்தான் நிற்கும். மலையாள நாடகம் முடியாமல் அப்பா சாப்பிட எழுந்திருக்க மாட்டார்.

வசனத்தைக் குறைத்தால் போதாது. நான் அப்படித்தான் தொடங்கினேன். என் மேடை நாடகம் ஒன்றில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பார்கள். அம்மா நடைவாசலில் நிற்பாள், கடைசிவரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். கொடைப் பந்தலில் அந்தக் காட்சிக்குப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். வானொலிக்குச் சுருக்கிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த தயாரிப்பாளர், “அம்மா எங்கே?” என்றார். நிற்கிறாளே என்றேன். “எனக்குக் கேட்கவில்லையே” என்றார்.

ஒரு வாரம் தூக்கமில்லை. பேச வைத்தால் அவள் அந்த அம்மா இல்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம் எங்கள் அம்மா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக். அந்தச் சின்ன இரும்பு உரலைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போனேன். மைக்குக்கு முன்னால் இடித்தால் கொல்லன் பட்டறை மாதிரி இருந்தது. அடியில் சாக்கை மடித்துப் போட்டு, நிஜமான பாக்கும் வெற்றிலையும் வைத்து, நாலடி தள்ளி உட்கார்ந்து இடித்தோம். காட்சி முழுக்க அந்தச் சத்தம் ஓடும். “வீடு எனக்கு” என்று மூத்தவன் சொல்லும் இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். அதன் பிறகு மேடையிலும் அம்மாவின் கையில் உரலைக் கொடுத்துவிட்டேன். வானொலி என் மேடைக்குத் திருப்பிக் கொடுத்தது அது. எனக்கு எதற்கு வருத்தம்?

வருத்தம் வேறொன்றில் உண்டு. தொடக்கத்தில் ஒரு நிலையத்தில் என் பிரதியில் இருந்த ‘ஓய்’, ‘மக்கா’ எல்லாவற்றையும் அடித்துவிட்டார்கள். எங்கள் ஊர் விவசாயி பாடப்புத்தகம் மாதிரி பேசினான். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. 1984 அக்டோபர் 30-ல் நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. நாட்டிலேயே முதல் உள்ளூர் நிலையம். நம் ஊர்ப் பேச்சுக்கு நம் ஊரிலேயே ஒரு மைக் வந்ததே என்று அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. உங்கள் பாறசாலைத் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். யார் சொன்னாலும் அதைத் திருத்தாதீர்கள்.

பதினொரு பேர் வேண்டாம். அரை மணி நேரத்தில் நாலைந்து குரலுக்கு மேல் காது பிடித்துவைக்காது. அவையும் ஒன்றோடொன்று ஒட்டாத குரல்களாக இருக்க வேண்டும். இரண்டு இளைஞர்கள் ஒரே சுருதியில் பேசினால் கேட்பவருக்கு இருவரும் ஒருவர்தான். உள்ளே வருகிறவனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும், ஆனால் நாலு வரிக்கு ஒருமுறை கூப்பிட்டால் எரிச்சல் வரும். பிரதியைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். பக்கம் புரட்டும் சரசரப்பு மைக்கில் மழை மாதிரி கேட்கும்.

சுருக்கி முடித்ததும் உங்கள் அம்மாவைப் பக்கத்து அறையில் உட்காரச் சொல்லிவிட்டு நண்பர்களோடு சத்தமாக வாசியுங்கள். “இப்போ யாரு பேசுறது?” என்று அவர்கள் கேட்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு போட்ட பிரதியை அப்படியே எனக்கு அனுப்புங்கள், திருத்தி எழுத வேண்டாம்.