தேதியைப் பாருங்கள், அக்கா!

கேள்வி: கோயில் அர்ச்சனைக்குப் பதியும் தளம் என் கைப்பேசியில் திறக்கிறது. அதே வைஃபையில் மகனின் பழைய மேசைக் கணினி மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. வைரஸா?
– வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: வைரஸை விடுங்கள் அக்கா. கைப்பேசியில் திறப்பதால் தளத்தின் மேல் பழியில்லை. திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி? என் கணினி ஒருநாள் 2015 என்று சாதித்தது! தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினித் தேதி அதற்கு வெளியே போனால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். தேதியைத் திருத்துங்கள், நேர மண்டலம் சிங்கப்பூர், யுடிசி (உலகப் பொது நேரம்) +8. சுவிட்சை அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதியா? மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைப் பலகையில், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றச் சொல்லுங்கள், மகன் அவசரக்காரராக இருந்தாலும்.