‘ஹோலி மோட்டார்ஸ்’ எரிச்சலூட்டியது, திரும்பப் பார்க்கலாமா?

கேள்வி: லியோஸ் காரக்ஸ் இயக்கிய ‘ஹோலி மோட்டார்ஸ்’ (2012) பார்த்தேன். ஒருவன் நாள் முழுக்க லிமோசின் காரில் பாரிஸைச் சுற்றுகிறான், வேஷம் மாற்றுகிறான், கல்லறைத் தோட்டத்தில் பூவைத் தின்கிறான். அருவருப்புதான் மிச்சம். எனக்கு ரசனை போதவில்லையா? இன்னொரு முறை பார்க்கலாமா?

பதில்: ரசனைக் குறைவெல்லாம் இல்லை. முகம் சுளிக்க வைக்கத்தான் அந்தக் கல்லறைக் காட்சியை எடுத்திருக்கிறார்கள். எரிச்சலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். எல்லா வேஷத்தையும் கோக்கும் கதை எங்கே என்று தேடிக்கொண்டே பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு விடை படத்தில் இல்லை. காரில் சுற்றும் அந்த ஓஸ்காருக்கு நடிப்பு அன்றாட வேலை. அந்த வேலையைக் கொடுத்தது யார் என்று படம் சொல்வதே இல்லை.

முழுப் படத்தையும் உடனே திரும்பப் பார்க்க வேண்டாம். இரண்டு காட்சிகளை மட்டும் பாருங்கள். ஒன்று, நடிகர் மிஷேல் பிக்கோலி காருக்குள் உட்கார்ந்து பேசும் இடம். இன்னும் ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்கிறார். எதற்காக ஆரம்பித்தேனோ அதற்காகத்தான், செய்கையின் அழகுக்காக என்கிறான் ஓஸ்கார். ஒரு காலத்தில் நம்மைவிடக் கனமாக இருந்த கேமராக்கள் இப்போது கண்ணுக்கே தெரிவதில்லை என்றும் ஏங்குகிறான். காரக்ஸ் இதை டிஜிட்டலில் எடுத்தவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்தது, சாகக் கிடக்கும் கிழவராக ஓஸ்கார் வேஷம் போடும் காட்சி. பக்கத்தில் ஓர் இளம்பெண் அழுகிறாள். அவர் உயிர் போகிறது, அவள் கதறுகிறாள். கொஞ்ச நேரத்தில் பிணம் எழுந்து, மன்னிக்கணும், அடுத்த வேலைக்குப் போகணும் என்கிறது. தனக்கும் அடுத்த வேலை இருக்கிறது என்கிறாள் அவள்! அவன் நடிகன் என்பது நமக்கு முன்பே தெரியும். அவளும் அப்படித்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது. தெரிந்தும் அந்த அழுகை நம்மைத் தொட்டது, இல்லையா? படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

அப்புறம், கடைசியில் லிமோசின் டிரைவர் செலின் முகமூடி அணிவது: அந்த நடிகை எடித் ஸ்கோப், 1960இல் வந்த ஒரு பிரெஞ்சுத் திகில் படத்தில் முகமூடியோடு நடித்துப் புகழ்பெற்றவர். அதற்கான மரியாதை அது.

இந்த இரண்டு காட்சிகளும் பிடிக்கவில்லையா? தயங்காமல் விட்டுவிடுங்கள். காரக்ஸின் ‘மோவே சாங்’ (1986) பாருங்கள். ஓஸ்காராக நடித்த அதே தெனி லாவான் இரவுத் தெருவில் பாடகர் டேவிட் போவியின் பாட்டுக்கு ஓடுவார். அது பிடித்தால் ஓஸ்காரிடம் திரும்பி வரலாம்.