கோத்தகிரியில் நடுராத்திரிப் புழுக்கம்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறார். ஒரு மாதமாக நடுராத்திரியில் புழுங்குகிறது என்று கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்காருகிறார். நைட்டியும் தலையணையும் நனைந்து போகின்றன. காலையில் தலைவலி. மேசையில் வைக்கிற சின்ன ஏர் கூலர் ஒன்று வாங்கித் தரலாமா? அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்து நிமோனியா வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். டெங்கு வருமா? ஈரக்காற்றில் மூட்டுவலி கூடுமா? மற்றபடி சர்க்கரை கன்ட்ரோலில் இருக்கிறது. போன மாதம் ஏறியிருந்ததால், பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுவது போல ராத்திரி கிளிமிபிரைடை இரண்டாக்கினோம். சாப்பாட்டையும் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டார்.

பதில்: கூலர் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் கடைசியாக இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கிற ஊரில், ஜன்னலைச் சாத்திய அறையில், ஒருவருக்கு நைட்டியைப் பிழிகிற அளவு வியர்க்கிறது என்றால் அதற்குக் காரணம் வானிலை இல்லை. மாதவிடாய் நிற்கிற காலத்து உடல் சூடு புதிதாகத் தொடங்குகிற வயதும் இது இல்லை. அம்மாவுக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு இட்லி, இரண்டு மாத்திரை, அப்புறம் விடியும்வரை ஒன்றுமில்லை. நள்ளிரவு தாண்டியதும் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, உடம்பு பதறி அட்ரினலினைக் கொட்டுகிறது. அதனால்தான் வியர்வையும் காலைத் தலைவலியும். ராத்திரி கெட்ட கனவு வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கன்ட்ரோல் என்கிறீர்கள், எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? காலை வெறும் வயிற்றில் எடுத்த ஒரு எண், ராத்திரி மூன்று மணிக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதினீர்களே, நல்லதாகப் போயிற்று. சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆள் தானே உஷாராகிவிடுவார். அட்டெனலால் வகை மாத்திரைகள் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. அம்மாவின் உடம்பு எச்சரிக்கை கொடுக்க மிச்சம் இருக்கிற பெரிய வழி இந்த வியர்வைதான். அதைத்தான் காற்றடித்து உலர்த்தப் பார்க்கிறீர்கள்!

இன்று சாயங்காலமே ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள், அல்லது தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குங்கள். நீங்களாகக் கூட்டிய மாத்திரையை இன்று ராத்திரியே விட்டுவிட்டு, மருத்துவர் எழுதிய பழைய அளவுக்குப் போங்கள். பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. அம்மா ராத்திரி வயிறாரச் சாப்பிடட்டும். இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் ஒருமுறையும், வியர்த்து எழுந்தால் அந்த நிமிடமும் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் பிஸ்கட்டோ இட்லியோ ஏதாவது சாப்பிடட்டும். 54-க்குக் கீழே போனாலோ, கொடுத்தும் ஏறாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச்சு குழறினால், கூப்பிட்டும் சரியாக விழிக்காவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஒருமுறை ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம்.

எண் எதுவாக இருந்தாலும் நாளையே அம்மாவின் மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் கேளுங்கள். வயதில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மாத்திரையின் வேகம் உடம்பில் அதிக நேரம் நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவின் சிறுநீரகம் எப்படி, எடை எவ்வளவு, ராத்திரி அவர் எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்று யாராவது விசாரித்தீர்களா? ராத்திரி எண்கள் எல்லாம் சரியாக இருந்து வியர்வை மட்டும் நிற்கவில்லை என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். கூடவே எடை குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.

சரி, கூலர். போன கோடையில் என் பையன் இணையத்தில் ஒன்று வாங்கி கிளினிக் மேசையில் வைத்தான். அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கிற டப்பா. முகத்தை ஒரு முழம் தூரத்தில் நீட்டினால் ஜில்லென்று இருந்தது, நாற்காலியில் சாய்ந்தால் ஒன்றுமில்லை. சாயங்காலம் மருந்துச்சீட்டுக் கட்டின் ஓரம் நமுத்துச் சுருண்டிருந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அரை லிட்டரும் எட்டு மணி நேரத்தில் முழுதாக ஆவியானாலும், அது இழுக்கிற வெப்பம் 40 வாட் சொச்சம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் உடம்பே 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது. அதுவும் காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். மழைக்காலத்தில் நம் ஊர்க் கொடியில் போட்ட துண்டு மூன்று நாளானாலும் காய்வதில்லை. துண்டு காயாத காற்றில் கூலரும் குளிர்விக்காது. கீழே சமவெளியில், வறண்ட ஏப்ரல் மத்தியானத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுகிற பெரிய கூலர் என்றால் பிரயோஜனம் உண்டு. இங்கே ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் அறைக்குள் ஈரம்தான் சேரும், சுவரில் பூஞ்சை கறுக்கும், வீசிங் உள்ளவர்கள் திணறுவார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டது, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட நாலு நாளைக்கு மேசை ஃபேன் போதும்.

வீடியோவில் பயமுறுத்திய கிருமி லீஜியோனெல்லா. 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தினரைத் தாக்கியபோதுதான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரம் மாதிரி, வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கிக் கிடக்கிற இடத்தில் செழிக்கும். அது நன்றாகப் பெருக 25 டிகிரியாவது வேண்டும். கோத்தகிரி ராத்திரியில் உங்கள் டப்பாத் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு எங்கே போகும்? டெங்குக் கொசு கூலர் தொட்டியில் முட்டையிடும், உண்மைதான். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர்கள் யாராவது கூலர் வைத்திருந்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். மூட்டுவலியைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

நாளை போகும்போது அம்மாவின் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராத்திரி எடுத்த எண்களை, மணியோடு, ஒரு தாளில் எழுதி அதே பையில் வையுங்கள்.