சிரிக்கும் தாய் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நான் கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறேன். பகலில் விளம்பர வேலை, இரவில் கேலிச்சித்திரம் வரைகிறேன். ஒரு மாதமாகப் பழைய ஐரோப்பிய அங்கத அச்சுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் ஹோகார்த், கில்ரே, பிரான்சின் டோமியே. கோட்டின் திறமை புரிகிறது. ஆனால் எந்த முகமும் என்னைத் தொடவில்லை. எல்லாம் முகமூடிகளாகத் தெரிகின்றன. இவர்களுக்கு மனிதர்கள் மேல் இரக்கமே கிடையாதோ? தமிழில் இந்த மரபு இல்லாமல் போனதும் அதனால்தானோ?

என் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் அஞ்சடியில், கடை முன் நடைபாதையில், குடித்துவிட்டுக் கிடக்கும் ஓர் ஆள். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதவில்லை. பார்த்தால் மனம் கனக்கவும் வேண்டும் என்று நினைத்தேன், அது வரவில்லை. புருவத்தையும் வாயையும் எப்படி வளைத்தால் எந்த உணர்ச்சி வரும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? அந்த முகத்தில் எங்கே தவறு செய்தேன்?

க., செந்தூல்

*

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கணக்கு உண்டு. பிரான்சின் அரசவை ஓவியர் ஷார்ல் லெ ப்ரன் 1668இல், அச்சத்துக்கு இந்தப் புருவம், வெறுப்புக்கு இந்த உதடு என்று வரைந்து காட்டி உரை நிகழ்த்தினார். அவர் இறந்த பிறகு 1698இல் அது புத்தகமாகி, ஐரோப்பாவின் ஓவிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். தேடினால் உங்களுக்கும் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்தால் உங்கள் படம் இன்னும் மோசமாகும்.

தமிழில் மரபு இல்லை என்கிறீர்கள். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழிலேயே பாரதி அரசியல் கேலிச்சித்திரங்கள் போட்டிருக்கிறார். நமக்குத் தெரியாததை எல்லாம் இல்லை என்று எழுதும் பழக்கம் உங்கள் வயதில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, இரக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த நேரம் நான் இதே யோசனையில்தான் இருந்தேன்.

கில்ரேயிடம் இரக்கத்தைத் தேடாதீர்கள். அவர் வரைந்த ஆட்களுக்கு அது தேவைப்படவில்லை. நான் இருப்பது பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியபோது தீவுக்கு வேல்ஸ் இளவரசரின் பெயரை வைத்தார். ஊருக்கு அந்த இளவரசரின் அப்பா, மூன்றாம் ஜார்ஜின் பெயர். ஆறு வருடம் கழித்து, 1792 ஜூலையில், அதே அப்பனையும் பிள்ளையையும் கில்ரே இரண்டு படங்களாகப் போட்டார். பிள்ளை வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, பொத்தான் தெறிக்கும் சட்டையோடு, முட்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கட்டாத கடன் சீட்டுகள். அப்பா ஒட்டுப்போட்ட கால்சட்டையில் உட்கார்ந்து அவித்த முட்டை சாப்பிடுகிறார், ஒரு நாட்டின் அரசர். ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணிதான் இவற்றை விற்றார். கடைச் சன்னலில் இப்படிப்பட்ட படங்களைத் தொங்கவிட்டால், வாங்க வசதி இல்லாதவர்களும் தெருவில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். நம் ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களை அவர்கள் ஊர்த் தெருவே எள்ளி நகைத்ததே, அது உணர்ச்சி இல்லாமல் வேறு என்ன?

ஆனால் ஹோகார்த்தையும் இதே வரிசையில் சேர்த்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் பார்க்கவில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறீர்கள். தன்னைக் கோணல் முகம் வரைகிறவன் என்று சொன்னவர்களுக்குப் பதிலாக அந்த மனிதர் 1743இல் ஒரு படமே செய்தார். நூறு முகங்களுக்கு மேல் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை, எதுவும் கோணலாக இழுக்கப்படவும் இல்லை. குணத்தை வரைவது வேறு, கோணலாக வரைவது வேறு என்பது அவர் கட்சி. செப்புத் தகட்டில் ஒவ்வொரு முகமாகக் கீறி வேறுபடுத்திய கையைப் பார்த்து 'முகமூடி' என்று எழுதுகிறீர்களே!

அவருடைய 'ஜின் சந்து' படத்தை மறுபடி திறங்கள். கைப்பேசியில் வேண்டாம். 1751இல் வந்த படம். லண்டனில் செயின்ட் கைல்ஸ் என்ற ஏழைகளின் பகுதி. மலிவான ஜின் சாராயம் ஊரை அழித்துக்கொண்டிருந்த காலம். எல்லாரும் வாங்கும்படி ஒரு ஷில்லிங் விலைக்கு அதை விற்றார். நடுவில் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை திறந்து கிடக்கிறது, காலெல்லாம் புண். மூக்குப்பொடி எடுக்கிறாள். அவள் கையிலிருந்து குழந்தை நழுவி, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது.

அவள் முகத்தைப் பாருங்கள். சிரிக்கிறாள்.

ஒரு சாண் தூரத்தில் குழந்தையின் முகம். வாய் பிளந்திருக்கிறது. அச்சம் முழுக்க அங்கே இருக்கிறது, அவளிடம் ஒரு துளியும் இல்லை. லெ ப்ரன் கணக்குப்படி வரைந்தால் அவள் முகத்தில் துக்கத்தைப் போட்டிருப்பார்கள். புருவம் நடுவில் ஏறியிருக்கும், உதட்டோரம் கீழே இறங்கியிருக்கும். நாமும் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம். அவள் சிரிப்பதால்தான் நம்மால் போக முடியவில்லை. அவள் பட வேண்டிய துக்கத்தை அவள் படவில்லை. அதனால் அது நம் மேல் விழுகிறது.

இதை நம் உரையாசிரியர்கள் எவ்வளவோ முன்னால் சொல்லிவைத்திருக்கிறார்கள். உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதும்போது இளம்பூரணர், செயிற்றியனார் என்ற பழைய ஆசிரியரின் நூற்பா ஒன்றை எடுத்துக்காட்டுகிறார்: 'உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு என்ப மெய்யுணர்ந் தோரே.' காண்போர்க்கு எய்துதல், தம்பி. வந்து சேர வேண்டிய இடம் காண்பவரின் உடம்பு. வரைந்த முகம் புறப்படும் இடம்தான். நீங்களோ புறப்படும் இடத்தில் நின்றுகொண்டு, புருவத்தை ஏற்றவா இறக்கவா என்று கேட்கிறீர்கள். பார்க்கிறவனுக்கு என்ன வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். உங்கள் நண்பர்களுக்குச் சிரிப்பு வந்து சேர்ந்தது. ஏன் அது மட்டும் வந்தது?

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்குப் பத்து வயது இருக்கும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பார், ரப்பர் மரம் சீவும் வெட்டிலும் கெட்டிக்காரர். மத்தியானம் ரப்பர் பால் கொண்டுபோய்க் கொடுத்த கையோடு கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். சாயங்காலம் வாசலில் கால் விரித்து, தலை அவிழ்ந்து, வாய் திறந்து தூங்குவார். நான் நன்றாக வரைவேன் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு நாள் அடுப்புக்கரியை எடுத்து, லயத்தின் கடைசிச் சுவரில் அவரை அப்படியே ஆளுயரத்துக்கு வரைந்தேன். வாயை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். ஈயும் போட்டேன்.

லயமே திரண்டு வந்து சிரித்தது. பெரியவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வாசகர்கள் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த அக்காவே வந்து பார்த்தார். அப்போது குடித்திருக்கவில்லை, கையில் பால்வாளி இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லாத்தான் போட்டிருக்கே பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

அன்று இரவு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மண்ணெண்ணெய் விளக்கைச் சுவரருகே தூக்கிப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். விளக்கை மேலிருந்து கீழ் வரை நகர்த்திப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல அவ பிள்ளை எங்கடி?" என்றார்.

அந்த அக்காவுக்கு ஒரு பையன் இருந்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவனை விட்டுவிட்டு வெட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பி வந்தபோது காய்ச்சல் முற்றியிருந்தது, இரண்டு நாளில் போய்விட்டான். அம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் வாளித் தண்ணீரை ஊற்றித் துடைத்தேன். கரி போகாமல் சுவரெல்லாம் பரவியது. அடுத்த தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரை அங்கே ஒரு சாம்பல் கறை இருந்தது. அவர் தினமும் அதைத் தாண்டித்தான் பெரட்டுக்குப் போனார்.

ஹோகார்த்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பினாங்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் நின்றுகொண்டே பார்த்தேன். அந்தப் பெண்ணின் புண்ணையும் மார்பையும் பார்க்கும்வரை, இந்த ஆளும் என்னைப்போல்தான் என்று நினைத்தேன். அப்புறம் குழந்தை கண்ணில் பட்டது. அவர் பிள்ளையைப் போட்டிருந்தார்.

பிள்ளையை மட்டுமா? இடது பக்கம் அடகுக்கடைக்காரனையும் போட்டிருக்கிறார். தச்சன் தன் ரம்பத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான், ஒரு பெண் சமையல் பாத்திரத்தோடு நிற்கிறாள். கடைக்காரன் ரம்பத்தை நிதானமாகச் சோதித்துப் பார்க்கிறான். ஊரே இடிந்து விழும்போது அவன் கடை உறுதியாக நிற்கிறது. அந்த நிதானத்தை இன்னொரு முறை பாருங்கள். நான் என் சுவரில் கள்ளுக்கடையை வரையவே இல்லை. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை தோட்டத்து நிலத்திலேயே, தோட்டத்தின் அனுமதியோடு நடந்தது. சம்பளப் பணம் வந்த வழியே திரும்பிப் போகும். பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் பெடோங் பக்கம் போலீசாரோடு மோதலாகி உயிரும் போயிற்று. அந்தப் பக்கத்து மண்ணில் பிறந்த நான், கரியை எடுத்ததும் வரையத் தேர்ந்தது தூங்குகிற ஒரு பெண்ணின் வாயை.

டோமியே பற்றி ஒன்று மட்டும். அரசரைப் பணம் விழுங்கும் பூதமாக வரைந்ததற்காக ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர் அவர். கோணல் முகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 1834 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் டிரான்ஸ்னோனான் தெரு வீடு ஒன்றில் படைவீரர்கள் புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்றபோது, அவர் போட்ட கல்லச்சுப் படத்தில் ஒரு கோட்டைக்கூடக் கோணலாக்கவில்லை. இரவுச் சட்டையோடு ஒருவர் கட்டிலோரம் சாய்ந்து செத்துக் கிடக்கிறார். அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. கொன்றவர்கள் யாரும் படத்தில் இல்லை. முகமூடி என்று சொன்ன நீங்கள் இதைப் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டீர்கள். பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்கள் என்றால், கொஞ்ச நாள் வரைவதை நிறுத்திவிட்டுப் பார்க்க மட்டும் செய்யுங்கள்.

உங்கள் படத்தை நான்கைந்து முறை பார்த்தேன். முகத்தில் தவறு எதுவும் இல்லை. மூக்கைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள், வேண்டியதில்லை, போகட்டும். நாய் அவன் காதை நக்குகிறது, அது சிரிப்புக்காகச் சேர்த்தது, எடுத்துவிடுங்கள். பின்னால் கடையின் கதவு மூடியிருக்கிறது, பெயர்ப்பலகை வெறுமையாக இருக்கிறது. அது என்ன கடை என்று உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம் செருப்பு. அந்த ஆள் இரண்டு செருப்பையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, சுவரோரமாக வைத்திருக்கிறான். வீட்டுக்குள் நுழைகிறவன் வைப்பதுபோல. சின்னதாக, ஓரத்தில், அக்கறையே இல்லாமல் நாலு கோட்டில் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன். அது நீங்களாகப் போட்டதா, அங்கே அப்படியே இருந்ததா? எனக்கு எழுதுங்கள், தம்பி.

அன்புடன்.