முதல் அடியில் வெடிக்காத .22: ஸ்பிரிங் வாங்கும் முன்

உங்கள் .22 ரைஃபிளில் தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் போட வேண்டாம், முதலில் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, சுத்தம் செய்யுங்கள். மூன்றில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை, அதையே மறுபடி அடித்தால் வெடிக்கிறது என்கிறீர்களே, துப்பு அதிலேயே இருக்கிறது.

இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கும். விளிம்பு குழலின் பின்முகத்தில் ஒட்டி நின்றால்தான் ஃபயரிங் பின் என்ற அந்த ஊசி அதை நசுக்கும். சேம்பரில் ஈயமும் மெழுகும் படிந்திருந்தால் தோட்டா முழுசாக உட்காராது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். எஸ்டேட்டில் இருந்த பழைய துப்பாக்கி என்றால் .22 ஷார்ட் தோட்டாவும் நிறையப் போட்டிருப்பார்கள். அது நீளம் குறைவு, அதன் வாய்க்கு முன்னால் கரி வளையமாகப் படியும்.

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்தே பித்தளை பிரஷ் விடுங்கள். துணி வெளுப்பாக வரும்வரை துடையுங்கள். போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தொட்டும் தொடாமலும் விடுங்கள். தேவிகுளம் குளிரில் அந்த கிரீஸ் உறைந்த நெய் மாதிரிதான்.

அப்புறமும் வெடிக்காவிட்டால் விளிம்பில் விழுந்த தடத்தைப் பாருங்கள். ஆழமாக இருந்தால் கோளாறு தோட்டாவில்தான். லேசாக இருந்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும்.

வெடிக்காததை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்து அரை நிமிடமாவது பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. காலியாக விசை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஊசி சேம்பர் விளிம்பைக் கொத்திவிடும்.

பழுதுக்குக் கொடுப்பதென்றால் உரிமம் பெற்ற கடைக்கே போங்கள். அதற்கு முன் துப்பாக்கி எண் உங்கள் லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும்.